அறுபதைத் தாண்டியோர் பிரிவில் முதலிடம்

நெடுந்தூரம் ஓடுகிறவனுக்குக் கால் நகம் நிற்காது, மேடம். வாசலில் செருப்பைக் கழற்றியபோது உங்கள் ஏட்டு என் பெருவிரல்களைப் பார்த்துவிட்டு, "இன்னா பெரியவரே, ஆக்சிடெண்டா?" என்று கேட்டார். ஆக்சிடெண்ட் ஒன்றும் இல்லை. இறக்கத்தில் ஓடும்போது விரல் ஷூவின் முனையில் முட்டிக்கொண்டே இருக்கும். நகம் முதலில் கறுக்கும், பிறகு ஒருநாள் சாக்ஸோடு கழன்று வந்துவிடும். வலிக்காது. புதிது முளைக்கும், அதுவும் போகும். எனக்கு அறுபத்து நான்கு வயது. இந்த வயதில் உடம்பில் மறுபடி முளைப்பது அது ஒன்றுதான்.

டீ வேண்டாம், நான் பால் சேர்ப்பதில்லை. வெந்நீர் இருந்தால் போதும்.

என் பெயர் அடைக்கலராஜ். திண்டிவனத்தில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி இல்லை. மகள் ஜெசி கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். போன வருஷம் பங்குனியில், திருவக்கரைப் பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் சவுரிராயன் என்பவர் இறந்து கிடந்தாரே, அவரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். ஓட்டப் போட்டியில் வழி தவறிப் போய் விழுந்துவிட்டார் என்று எழுதி முடித்திருப்பீர்கள். விசாரித்தவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். நான் என்ன சொன்னேனோ அதைத்தான் அவர்கள் எழுதினார்கள். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அது புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

வேலையில் இருந்த கடைசி வருஷங்களில் எனக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தேன். நடந்தால் நேரம் போகவில்லை என்று ஓட ஆரம்பித்தேன். முதலில் ரயில்வே கேட் வரை. பிறகு மயிலம் ரோட்டில். புதுச்சேரியில் ஒரு போட்டியில் பெயர் கொடுத்தபோது என் வயதுக்காரர்கள் பிரிவில் மூன்றாவதாக வந்தேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் எதிலும் பரிசு வாங்கியவன் இல்லை. அந்த மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் எழுந்து கைகொடுத்தார். அதற்கு மேல் நான் வாழ்க்கையில் எதுவும் கேட்கவில்லை.

தனியாக ஓடுவது அலுப்பாக இருந்ததால் சவுரிராயனைக் கூப்பிட்டேன். ஆமாம், அவரை ஓட்டத்துக்குக் கொண்டுவந்ததே நான்தான். எங்கள் பங்குக் கோவிலுக்கு வருகிறவர். உரக்கடை வைத்திருந்தார். என்னைவிட ஒரு வயது இளையவர், நல்ல தொப்பை. முதல் நாள் ஏரிக்கரை வரை வந்துவிட்டு வாந்தி எடுத்தார். நான்தான் முதுகைத் தடவிவிட்டேன். ஷூ எங்கே வாங்குவது, மூச்சை எப்படி விடுவது, எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது.

ஒரு வருஷத்தில் அவர் என்னைத் தாண்டிப் போனார். மயிலம் ரோட்டு மேட்டில் அவருடைய மாமனார் மாடு வாங்கப் போன கதையைச் சொல்லிக்கொண்டே போனார். கதையின் முடிவு எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு தூரம் முன்னால் போய்விட்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. அரிசியை விட்டேன். காலையில் கேப்பைக் கூழ், சாயங்காலம் ஒரு கை அவித்த மல்லாட்டைக் கடலை. எந்தக் கிழமை மேடு, எந்தக் கிழமை நீண்ட ஓட்டம், எந்தக் கிழமை ஓய்வு என்று வைத்துக்கொண்டு ஒரு நாளும் பிசகாமல் செய்தேன். ஜெசியின் குழந்தை முதல் நற்கருணை வாங்கிய அன்றுகூட விடியுமுன் ஓசூரில் ஓடிவிட்டுத்தான் கோவிலுக்குப் போனேன். சவுரிராயன் மனம் வந்தால் ஓடுவார். மழை என்றால் படுத்துக்கொள்வார். போட்டிக்கு முந்தைய நாள் பிரியாணி சாப்பிடுவார். தவக்காலத்தில் நான் ஒரு வேளை மட்டும் சாப்பிடுவதைப் பார்த்து, "சாமிக்கு வேற வேலை இல்லியா அண்ணே, உன் தட்டையே பாத்துக்கினு குந்தியிருக்குமா?" என்பார். போட்டியின் நடுவில் நின்று டீ குடிப்பார், ரோட்டோரம் வேடிக்கை பார்ப்பவர்களிடம் ஊர் பெயர் கேட்பார். அப்புறமும் முதலில் வருவார். நான் இரண்டாவது. புதுச்சேரியில் இரண்டாவது, மரக்காணத்தில் இரண்டாவது, செஞ்சியில் இரண்டாவது.

முப்பது வயதுக்காரனுக்கு இது பெரிய விஷயம் இல்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பான். எங்கள் வயதில் ஒவ்வொரு வருஷமும் கால் கொஞ்சம் கனக்கும். அடுத்த வருஷம் என்பது இந்த வருஷத்தைவிட மோசமாகத்தான் இருக்கும். இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் சிரிப்பார்கள். ஜெசியிடம் ஒருமுறை போனில் சொன்னேன். "அப்பா, உடம்பு நல்லா இருக்குதில்ல, அது போதாதா?" என்றாள்.

விழுப்புரத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்று நான் நன்றாக ஓடினேன். கடைசிவரை அவர் முதுகை விடவில்லை. மைதானத்துக்குள் நுழைந்தபோது அவர் சற்று முன்னால். ரிப்பன் கண்ணெதிரே தெரிகிறது. அப்போது அவர் நின்றுவிட்டார். காலில் ஏதோ என்று நினைத்தேன். திரும்பி என்னைப் பார்த்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வா அண்ணே, ஜல்தி வா. இன்னிக்கு நீ முன்ன போ" என்றார்.

நானும் நின்றிருக்கலாம். ஆனால் கால் நிற்கவில்லை. அவரைத் தாண்டி ரிப்பனைத் தொட்டேன். கூட்டம் எழுந்து கைதட்டியது. எனக்கு அல்ல. மைக்கில் இருந்தவர், "ஃப்ரெண்ட்ஷிப்னா இதாங்க" என்றார். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. முழுதும் சவுரிராயன். ஓரத்தில் என் தோளும் ஒரு கையும் தெரிந்தன. எனக்குக் கிடைத்த முதல் முதல்பரிசு அதுதான், மேடம். அந்தக் கோப்பை துணி துவைக்கும் கல் பக்கத்தில் இருக்கிறது. சோப்பு போட்டு வைப்பேன்.

"இனிமே அந்த மாதிரி பண்ணாத சவுரி" என்று சொன்னேன்.

"ஒரு கப்புக்கு இம்மாம் பேஜாரா அண்ணே?" என்று தோளில் தட்டினார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

அடுத்தது போன வருஷப் போட்டி. ஐம்பது கிலோமீட்டர். திண்டிவனத்தில் இருட்டோடு கிளம்பி, பெருமுக்கல் மலையடி வழியாக, வயல்ரோடுகளில் புகுந்து திருவக்கரையில் முடிகிறது. நடத்தியவர் கலையரசி. காலேஜில் விளையாட்டு ஆசிரியை. பங்குனியில் வைக்காதீர்கள், வெயில் தாங்காது என்று நான்தான் முதலில் சொன்னேன். மார்கழியில் மைதானம் கிடைக்கவில்லை, தையில் தேர்வு என்றார்.

முந்தைய வாரமே வண்டியில் போய்ப் பாதை முழுவதையும் பார்த்துவிட்டு வந்தேன். சவுரிராயனையும் கூப்பிட்டேன். "அதான் வழியெல்லாம் போர்டு கட்டுவாங்களே" என்று சொல்லி அவர் வரவில்லை. திருவக்கரைக்கு முன்னால் ஒரு பிரிவு வருகிறது. இடப்பக்கம் ஊருக்குப் போகிற பாதை. வலப்பக்கம் லாரிகள் போய்ப்போய் அகலமான மண்ரோடு, பழைய குவாரிகளுக்குப் போவது. இப்போது அங்கே வேலை இல்லை. பார்த்தால் வலப்பக்கம்தான் பெரிய ரோடு போலத் தெரியும். பலகை இல்லாவிட்டால் யாரும் அந்தப் பக்கம்தான் போவார்கள் என்று அன்றே நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான்.

போட்டியன்று பெருமுக்கல் வரை சேர்ந்துதான் ஓடினோம். அங்கே ஒருத்தருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. சவுரிராயன் நின்று அவர் காலை நீவிவிட ஆரம்பித்தார். "நீ போய்க்கினே இரு அண்ணே, நான் வர்றேன்" என்றார். நான் போனேன். இளவட்டங்கள் எப்போதோ முன்னால் போய்விட்டார்கள். மெதுவாக வருகிறவர்கள் வெகு பின்னால். நடுவில் நான் தனியாக ஓடினேன். வெயில் ஏறிவிட்டது. கால் நன்றாக இருந்தது. அத்தனை வருஷத்தில் அவரை இவ்வளவு பின்னால் விட்டது அன்றுதான்.

பிரிவுக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் அவருடைய மஞ்சள் பனியன் தெரிந்தது. சிரமமே இல்லாமல் வந்துகொண்டிருந்தார்.

மிச்சம் இருக்கிற தூரத்தில் அவர் என்னைப் பிடித்துவிடுவார் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் பிடித்துவிட்டு மறுபடி நின்றுவிடுவாரோ என்று தோன்றியது. "நீ முன்ன போ அண்ணே" என்று சொல்லிவிடுவாரோ என்று. அதை என்னால் இன்னொரு தடவை தாங்கியிருக்க முடியாது.

பலகை ஒரு சவுக்குக் கழியில் கட்டியிருந்தது. கழியைப் பிடித்துத் திருப்பினேன். அம்பு வலப்பக்கம் காட்டியது. பக்கத்தில் சீமைக்கருவேலம் புதராக மண்டியிருந்தது. அதற்குப் பின்னால் போய் நின்றேன்.

அவர் மாதா பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பலகையைப் பார்த்தார். வலப்பக்கம் திரும்பினார். ஒரு யோசனையும் இல்லை. அவர் கண்ணுக்கு மறைந்ததும் நான் வெளியே வந்து பலகையைப் பழையபடி இடப்பக்கம் திருப்பி வைத்தேன். பின்னால் வருகிறவர்கள் பாவம், அவர்கள் ஏன் கஷ்டப்பட வேண்டும்? அங்கே நின்றதில் எனக்கும் நேரம் போனது. அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் என் ஓட்டம் கணக்காகியிருக்கிறது. இதை யாரும் யோசிப்பதில்லை.

கொஞ்சம் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். நான் நினைத்தது அவ்வளவுதான்.

கடைசித் தண்ணீர்ப் பந்தலில் சிக்கந்தர் பாட்சா இருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர், துபாயில் இருந்துவிட்டு வந்தவர். எங்களோடு ஓடுவார், அன்று மூட்டுவலி என்று பந்தலில் நின்றார். "எங்க சார் உங்க ஜோடி? சவுரி அண்ணன் பின்னாடி வர்றாரா?" என்று கேட்டார்.

"கால் புடிச்சிக்கிச்சு பாய். பெருமுக்கல்லயே பஸ் ஏறிட்டாரு" என்றேன்.

இது ஏன் என்று கேட்பீர்கள். பாட்சாவிடம் பைக் இருந்தது. வரவில்லை என்றால் உடனே தேடிப் போவார். கண்டுபிடித்துக் கூட்டிவந்தால், பாவம் வழி தவறிவிட்டார் என்று அந்த நேரத்தைக் கழித்துக் கொடுப்பார்கள். கலையரசி அப்படிச் செய்யக்கூடியவர்தான். பாட்சா உடனே போன் போட்டுக் கலையரசியிடம் சொன்னார். அவர்கள் சவுரிராயனைப் பாதியில் விலகியவர் என்று குறித்துக்கொண்டார்கள். அவர் போட்டிக்குப் போன் எடுத்து வருகிறவர் இல்லை. போன் இருந்தால் ஓடாமல் பேசிக்கொண்டிருப்பேன் என்பார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவர் மனைவி இன்னாசியம்மாள் பூசையில் இருந்தது. வீட்டுக்கு நான் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

நான் முதலில் வந்தேன். அறுபதைத் தாண்டியோர் பிரிவில் முதலிடம். யாரும் நின்று வழிவிடவில்லை. மெடலைக் கழுத்தில் போட்டுவிட்டார்கள், நான் கழற்றவில்லை.

எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் வருகிற பைக்கும் வந்துவிட்டது. சவுரிராயன் வரவில்லை. எனக்கும் மனசாட்சி இருக்கிறது, மேடம். என் வண்டியை முந்தைய நாளே திருவக்கரையில் ஒரு கடையில் விட்டு வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு குவாரிப் பக்கம் போனேன். என்னைத் தவிர வேறு யார் அவரைத் தேடிப் போனார்கள்?

மண்ரோடு ஒரு கல்தூள் மேட்டில் ஏறி அப்படியே பள்ளத்தின் விளிம்பில் முடிகிறது. அவர் ஓடிய வேகத்தில் விளிம்பு சரிந்திருக்கிறது. ரொம்ப ஆழம் இல்லை. இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே ஒரு பாறைத் திட்டு. அதில் உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே கால் திரும்பிக் கிடந்தது. நிழல் என்பதே இல்லை. மூன்று பக்கமும் வெட்டின பாறை, அடுப்புக்குள் எட்டிப் பார்ப்பது போல முகத்தில் அனல் அடித்தது.

"நீ வருவன்னு தெரியும் அண்ணே" என்றார். குரல் கம்மியிருந்தது. "கத்திக் கத்திப் பாத்தேன். ஒருத்தனும் இல்ல."

"எப்படி விழுந்த?"

"போர்டு இந்தப் பக்கம்தான் காட்டுச்சு. கலையரசிகிட்ட சொல்லணும் அண்ணே, வேற யாருனா வந்து விழுந்துடப் போறாங்க." பிறகு என் கழுத்தைப் பார்த்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. அப்படியும் சிரித்தார். "ஃபர்ஸ்ட்டா? பாத்தியா, நான் பள்ளத்துல விழுந்தாதான் உனக்கு மெடல் வருது. இதையும் நான் குடுத்ததா வச்சிக்க."

நான் மெடலைப் பனியனுக்குள் விட்டுக்கொண்டேன்.

"தண்ணி வச்சிருக்கியா அண்ணே?"

வண்டியின் முன்பெட்டியில் முழு பாட்டில் இருந்தது. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

"இரு. எடுத்துக்கினு ஆளுங்களோட வர்றேன்" என்றேன்.

"மெதுவா வா. வெயிலு" என்றார்.

பலகையைப் பற்றி அவர் சொல்லிவிடுவார் என்ற பயத்தில் போய்விட்டேன் என்று நீங்கள் எழுதலாம். அந்த நினைப்பு இல்லாமல் இல்லை. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. அவரை மேலே ஏற்றிக் கொண்டுபோனால், கால் முறிந்த நிலையிலும் நண்பனுக்குப் பரிசை விட்டுக்கொடுத்தவர் என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். எல்லாரும் கைதட்டுவார்கள். பேப்பரில் படம் வரும். மெடல் என் கழுத்தில் சூடாக ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று ஒருநாள் அது என்னுடையதாக இருக்கட்டும் என்று பட்டது.

வீட்டுக்குப் போனேன். குளித்தேன். தயிர்சாதம் சாப்பிட்டுப் படுத்தேன். அவ்வளவு தூரம் ஓடினால் உடம்புக்குத் தூக்கம் அவசியம். இன்னாசியம்மாளின் போன்தான் எழுப்பியது. வெயில் தாழ்ந்திருந்தது.

"அண்ணே, அவரு இன்னும் வூட்டுக்கு வர்லியே."

"வந்துடுவான் தங்கச்சி. எங்கனா பேசிக்கினு இருப்பான்" என்றேன். பிறகு நானே தங்கச்சியை வண்டியில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, பெருமுக்கல் எல்லாம் தேடினேன். கலையரசி, "திருவக்கரை பக்கம் பாக்கலாமா சார்?" என்று கேட்டார். அவர் அவ்வளவு தூரம் வரவே இல்லை என்றேன். மறுநாள் ஆடு மேய்ப்பவர்கள் பார்த்துச் சொன்னார்கள். சாயங்காலம் வரை உயிர் இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அதை இன்னாசியம்மாள் காதுக்குப் போகவிடாமல் பார்த்துக்கொண்டேன். அதற்குத் தெரிந்ததெல்லாம், விழுந்தவுடன் போய்விட்டார் என்பதுதான். கல்லறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பக்கத்துல இருந்திருந்தா வுட்டிருப்பீங்களா அண்ணே?" என்று அழுதது. பெட்டியை நான்தான் முன்னால் பிடித்துத் தூக்கினேன்.

பெருமுக்கல்லில் பஸ் ஏறியவர் குவாரிக்கு எப்படிப் போனார் என்று விசாரணையில் கேட்டார்கள். ஏறப்போகிறேன் என்றுதான் சொன்னார், மனசு மாறி ஓடி வந்திருப்பார், வழி தெரியாமல் திரும்பியிருப்பார் என்றேன். அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும், ஆமாம், அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான் என்றார்கள்.

இதோடு முடிந்திருக்கும். நானும் எப்போதும் போல ஓடிக்கொண்டிருந்திருப்பேன். போன ஞாயிறு அதே பாதையில் சவுரிராயன் நினைவு ஓட்டம் என்று வைத்தார்கள். பனியனில் அவர் படம். எனக்கும் ஒன்று கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். போட்டுக்கொண்டேன். இன்னாசியம்மாள் கொடியசைத்தது. எங்கள் பிரிவுக்கு அவர் பெயரில் சுழற்கோப்பை. அன்றும் நான்தான் முதலில் வந்தேன். மேடையில் அந்தக் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுக் கலையரசி மைக்கில் சொன்னார்: "போன வருஷம் வழி தவறாம இருந்திருந்தா சவுரி சார்தான் ஃபர்ஸ்ட் வந்திருப்பாரு. அடைக்கலராஜ் சாரே அதை ஒத்துக்குவாரு." எல்லாரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். இன்னாசியம்மாளும் தட்டியது. இரண்டு கையிலும் கோப்பையைப் பிடித்திருந்ததால் நான் தலையை ஆட்டினேன்.

ஒரு வாரமாக எனக்குத் தூக்கம் இல்லை, மேடம். செத்தும் அவர் எனக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார். அவர் வழி தவறவில்லை. நான் தவறவைத்தேன். தண்ணீர் கேட்டார், கொடுக்காமல் வந்தேன். அவர் சாக வேண்டும் என்றுதான் வந்தேன். இதையெல்லாம் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரியை மட்டும் நான் சொல்கிறபடி எழுத வேண்டும். அதைக் கலையரசிக்கும் தெரியப்படுத்த வேண்டும். அந்தப் பலகையைத் திருப்பியபோது ஓட்டத்தில் முன்னால் இருந்தவன் நான்தான்.